பனிக்கடல் கடந்த செப்பாலா

முத்தியால்பேட்டையை அடுத்துள்ள கடலில் மார்கழிக் குளிரிலும் அலை ஓய்வதில்லை. உலகின் வடகோடியிலோ, குளிர்காலம் முழுவதும் கடல்நீர் கல்லாய் உறைந்து கிடக்க, அதன்மேல் மனிதர் வழிநடக்கும் ஊர்களும் உண்டு. அலாஸ்காவின் மேலைக் கடற்கரையிலுள்ள நோம் அத்தகையதோர் ஊர். முன்னாளில் குளிர்காலத்தே அங்குக் கப்பல் செல்லாது, இருப்புப்பாதையும் எட்டாது. நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியே அவ்வூரார்க்கு உற்ற துணை. அவ்வண்டிக்குக் கடிவாளம் இல்லை. ஓட்டுவோனின் குரலைக் கேட்டு, முன்னே செல்லும் தலைநாய் வழி திருப்ப, ஏனைய நாய்கள் அதனைப் பின்பற்றி ஓடும். இக்கலையில் நிகரற்று விளங்கியவர் லெயோன்ஹார்ட் செப்பாலா.

இவர் 1877-ஆம் ஆண்டில் நார்வே நாட்டின் வடபகுதியில் பிறந்தார். தந்தையார் மீன்பிடித்தலும் கொல்லுத்தொழிலும் உடையவர். மகனும் அவ்விரண்டையும் கற்றார். பொன் கிடைக்கும் என்னும் செய்தி கேட்டு, 1900-இல் நோம் நகரையடைந்து, ஒரு சுரங்க நிறுவனத்தில் பணியேற்றார். அங்கேதான் நாய்களின் நட்பு இவருக்கு வாய்த்தது.

தென்துருவத்தை முதலில் அடைந்த அமுண்ட்சென், வடதுருவப் பயணம் ஒன்றைக் கருதியிருந்தார். அவர்பொருட்டுச் சைபீரிய நாய்க்குட்டிகள் சில தருவிக்கப்பட்டு, செப்பாலாவிடம் பயிற்சிக்கு ஒப்படைக்கப்பட்டன. பயணம் நின்றுபோகவே, நாய்கள் இவருக்கே உரியவாயின. 1914-இல் அவற்றைப் பூட்டிக்கொண்டு, 650 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அனைத்து அலாஸ்காப் பந்தயத்தில் இறங்கினார். பனிப்புயலில் வழி தவறியது. நாய்களின் பாதங்கள் பிளந்து குருதி வடிந்தது. செப்பாலா பந்தயத்தைக் கைவிட்டார். தம்மை நம்பிய உயிர்களை வருத்திவிட்டோமே என்று நாணினார். பின்னர் அவற்றைப் பொறுமையோடு பழக்கி, 1915, 1916, 1917 ஆகிய மூன்றாண்டுகளிலும் தொடர்ந்து வாகை சூடினார்.

இவருடைய நாய்களுள் டோகோ என்பது தனிச்சிறப்புடையது. சப்பானியக் கடற்படைத் தலைவரின் பெயரைத் தாங்கிய அது, குட்டியாயிருந்தபோது நோயுற்று மெலிந்திருந்தது. பயன்படாதென்று எண்ணிச் செப்பாலா அதனைப் பிறரிடம் கொடுத்துவிட்டார். அதுவோ சன்னற் கண்ணாடியைப் பாய்ந்துடைத்துக்கொண்டு அவரிடமே ஓடி வந்தது! இத்துணை பெருந்திறல் வாய்ந்த ஆசானும் முதலில் அதன் அருமையை அறிந்திலர் என்பது வியப்பே.

1925 சனவரியில் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் தோன்றிக் குழந்தைகள் சிலரை மாய்த்தது. ஊருக்கிருந்தவர் ஒரே மருத்துவர், மருந்தோ பழையது. புதிய மருந்து நெனானா வரை இரயிலில் வந்தது. அங்கிருந்து நோம் ஏறத்தாழ 1,085 கிலோமீட்டர். திறந்த இருக்கையுடைய அக்கால விமானம் அக்குளிரைத் தாங்காது. வழக்கமாக அஞ்சல் வண்டிக்கோ ஏறக்குறைய இருபத்தைந்து நாள் ஆகும். ஆகவே, ஓட்டுநர் இருபதின்மர் கைம்மாற்றிக் கொண்டு ஓடுவதென முடிவாயிற்று.

மிகக் கொடிய பகுதி செப்பாலாவின் பங்காயிற்று. அவருடைய ஒரே மகள் எட்டு வயதினள். நோய் உலவும் ஊரிலேயே அவளை விட்டுவிட்டுப் புறப்பட்டார். பன்னிரண்டு வயதான டோகோ தலைநாயாய் நின்றது. ஏறத்தாழ 270 கிலோமீட்டர் கிழக்கே சென்று, சனவரி 31-இல் மருந்தைக் கையேற்றார். திரும்பும் வழியில் நார்ட்டன் வளைகுடா கிடந்தது. கரையைச் சுற்றினால் நாள் கழியும். உறைந்த கடலைக் கடந்தால் நேரம் மிஞ்சும். ஆனால், காற்றடித்துப் பனித்தளம் பிளந்தால் வண்டியும் நாயும் மனிதனும் ஆழ்கடலுக்கு இரையாவர். செப்பாலா கடலையே தேர்ந்தார். இருள் சூழ்ந்தது. புயல் எதிர்த்து மோதியது. குளிர் உறைநிலைக்கும் முப்பது பாகைக்கு மேல் தாழ்ந்திருந்தது. கண்ணுக்கு வழி புலப்படாத அவ்விரவில் டோகோவே அனைவரையும் அக்கரை சேர்த்தது. அவர்கள் கடந்த சில மணிநேரத்தில் பனித்தளம் உடைந்து சிதறியது.

மருந்துடன் செப்பாலா ஓடிய தொலைவு 146 கிலோமீட்டர். முத்தியால்பேட்டையிலிருந்து கடற்கரை வழியே சென்னை செல்லும் தொலைவை அது ஏறத்தாழ ஒக்கும். ஏனையோருள் எவரும் இதற்கு அண்மையிலும் ஓடினாரல்லர். பிப்ரவரி 2 விடியற்காலை மருந்து நோம் சேர்ந்தது, ஊர் பிழைத்தது, செப்பாலாவின் மகளும் நலமாயிருந்தாள்.

ஆயினும், கடைசிப் பகுதியை ஓட்டி ஊர் புகுந்தவர் குன்னார் காசன் என்பவர். அவருடைய தலைநாய் பால்ட்டோ. செய்தித்தாள்கள் பால்ட்டோவையே போற்றின. அவ்வாண்டிறுதிக்குள் நியூயார்க் நகரப் பூங்காவில் அதற்குச் சிலையும் எழுந்தது. பால்ட்டோவும் செப்பாலாவின் கொட்டிலில் வளர்ந்ததே. எனினும், டோகோ மறக்கப்பட்டதை அவரால் பொறுக்க இயலவில்லை. தம் புகழ் குறைந்ததற்கு அன்று, தம் நாயின் புகழ் குறைந்ததற்கே வருந்தினார். மறு ஆண்டு நியூயார்க்கில் அமுண்ட்சென் தம் கையாலேயே டோகோவுக்குப் பொற்பதக்கம் அணிவித்தது அவருக்கு ஒருவாறு ஆறுதலாயிற்று. டோகோ 1929-இல் இறந்தது.

1932-இல் லேக் பிளாசிட் குளிர்கால ஒலிம்பிக் விழாவில் காட்சிப் போட்டியாக நடைபெற்ற நாய்வண்டிப் பந்தயத்தில், செப்பாலா தம் ஐம்பத்து நான்காம் வயதில் இரண்டாமிடம் பெற்றார். 1967-இல் சியாட்டில் நகரில் காலமானார். 1973 முதல் அலாஸ்காவில் இடிட்டரோடு என்னும் நெடும் பந்தயம் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. அதில் தம் நாய்களை மிகச் சிறப்பாகப் பேணிய ஓட்டுநருக்குச் செப்பாலாவின் பெயரால் ஒரு விருது அளிக்கப்படுகிறது.