நிலம் அளந்த லாம்டன்

படப்பையிலும் ஒரகடத்திலும் எழும் தொழிற்கூடங்களுக்கு அடித்தளம் குறிக்கும் கொத்தனார், மூலையிலிருந்து ஒருபுறம் மூன்றடியும் மறுபுறம் நான்கடியும் அளந்து, குறுக்கே நூல் பிடித்துப் பார்ப்பார். ஐந்தடி இருந்தால் மூலை செங்கோணம். இல்லையேல் நூலை அவிழ்த்து மறுபடியும் கட்டவேண்டும். பிதாகரஸ் தேற்றம் அங்கே ஒரு சுவரை நேராக்குகிறது. அதே தேற்றத்தைத் துணைக்கொண்டு தென்னாட்டையே அளக்க முனைந்தவர் வில்லியம் லாம்டன். அவர் பணியைத் தொடங்கிய பரங்கிமலை, படப்பைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 22 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

இங்கிலாந்தின் யார்க்சயர் பகுதியில் எளிய குடும்பத்தில் பிறந்த லாம்டன், படைப்பணியேற்று வட அமெரிக்கா சென்றார். நில அளவையில் அங்கே தேர்ச்சி பெற்றார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினப் போரில் பங்குகொண்டார். திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்ற பெருநிலப்பரப்புக்கு நம்பத்தகுந்த வரைபடம் இல்லை. வரி தண்டவும் படை நடத்தவும் கம்பெனிக்கு அது தேவைப்பட்டது. லாம்டனின் நாட்டமோ புவியின் வடிவத்தைத் துல்லியமாக அறிவதில் இருந்தது. கம்பெனியின் பணத்தில் அறிவியலின் வேலையும் நடந்தது என்பதே உண்மை.

அவர் கைக்கொண்டது முக்கோண அளவை. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இருமுனைக் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அப்பக்கங்களின்மேல் அடுத்த முக்கோணம், அதன்மேல் மற்றொன்று எனக் குன்றுக்குக் குன்று தாவிச் செல்லலாம். நிலத்தில் இறங்கி அளக்கவேண்டியது முதற்கோடு ஒன்றே. ஆனால் அக்கோட்டில் பிழை நேர்ந்தால், அதன்மேல் எழும் முக்கோணங்கள் அனைத்திலும் அது தொடரும்.

1802 ஏப்ரல் 10ஆம் நாள், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அக்கோட்டை அளக்கும் பணி தொடங்கியது. கருவி, நாற்பது கண்ணிகள் கொண்ட நூறடி எஃகுச் சங்கிலி. வெயிலில் எஃகு நீளும் என்பதால், சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி வெப்பமானிகளால் சூட்டையும் குறித்துக்கொண்டனர். வெப்பத்தினும் நுட்பமான சிக்கல் நிலத்தின் மேடுபள்ளம். சரிவில் கிடக்கும் சங்கிலி காட்டுவது கர்ணத்தின் நீளத்தை. வரைபடத்துக்கு வேண்டியதோ கிடைமட்டப் பக்கம். நூறடியில் இரண்டடி ஏற்றம் இருப்பதாகக் கொள்வோம். 10,000இலிருந்து 4ஐக் கழித்து வர்க்கமூலம் கண்டால் 99.98 அடி வரும். வேறுபாடு கால் அங்குலம்கூட இல்லை. ஆயினும் சங்கிலியை ஏறத்தாழ நானூறு முறை கிடத்தவேண்டும். ஒவ்வொரு முறையும் அதே சரிவெனில் பிழை எட்டடியாகும். அவ்விகிதத்தில், மேற்குக் கடற்கரையிலுள்ள மங்களூரை எட்டும்போது அது ஏறத்தாழ 380 அடியாகிவிடும். ஆகவே லாம்டன் சரிவுகளின் கோணத்தை அளந்து, ஒவ்வொரு கர்ணத்திலிருந்தும் கழிக்கவேண்டிய அளவைத் தனித்தனியே கணக்கிட்டார்.

கோணங்களை அளக்க, அரை டன் எடையுள்ள தியோடலைட்டுக் கருவி லண்டனிலிருந்து வந்தது. வழியில் பிரெஞ்சுக்காரர் அக்கப்பலைக் கைப்பற்றினர். எனினும், கருவியின் பயனுணர்ந்து அதை அனுப்பிவைத்தனர். 1808இல் தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின்மேல் அதை ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி உருக்குலைந்தது. வேறொருவராயின் பணியைக் கைவிட்டிருக்கலாம். லாம்டன் தனித்திருந்து, வளைந்த வட்டத்தை ஏறத்தாழ ஆறு வாரங்கள் சிறிது சிறிதாக நிமிர்த்திப் பழைய நிலைக்குக் கொணர்ந்தார். அக்கருவியைச் சுமந்தும் காடு திருத்தியும் காய்ச்சலில் மாண்டும் அப்பணியைத் தாங்கிய தொழிலாளர் பலர் இந்நாட்டவர். லாம்டனின் புகழில் அவர்களுக்கும் பங்குண்டு.

சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட அகலத்தைப் பழைய வரைபடங்கள் 400 மைல் எனக் காட்டின. லாம்டனின் முக்கோணங்கள் அது 360 மைலே என நிறுவின. நாற்பது மைல் நிலம் தாளில் மட்டுமே இருந்திருக்கிறது!

1818இல் அவரது பணி மாபெரும் முக்கோண அளவை எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டில் ஜார்ஜ் எவரெஸ்ட் அவருக்கு உதவியாளராக வந்துசேர்ந்தார். முதுமையிலும் கூடாரத்தை விடாத லாம்டன், நாகபுரி செல்லும் வழியில், 1823 ஜனவரி 20ஆம் நாள் ஹிங்கன்காட் என்னுமிடத்தில் காலமானார். அவர் விட்ட இடத்திலிருந்து முக்கோணங்களை எவரெஸ்ட் வடக்கு நோக்கி நீட்டிச் சென்றார்.