துறைமுகத்திலிருந்து ஒரு விண்ணப்பம்

சென்ற விடுமுறையில் கியா பார்ம் வீட்டிலிருந்து, முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கேட்டுப் பதினொரு பேராசிரியர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். கணிதம் என் துறை. இருவர் பதில் எழுதினர், இரண்டும் மறுப்பு. காய்கறிக் கூடைகளை லாரியில் ஏற்றிவிட்டு வந்த அப்பா என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. அன்றிரவு சீனிவாச இராமானுஜனின் வாழ்க்கையை மீண்டும் படித்தேன். தமிழ்ப்பள்ளியில் அதை ஒரு மேதையின் கதையாகப் படித்திருந்தேன். இம்முறை அது ஒரு விண்ணப்பதாரரின் கதையாகத் தெரிந்தது.

1887 டிசம்பர் 22-இல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர் அவர். கணிதம் தவிர வேறு பாடங்களில் மனம் செல்லாததால் கல்லூரி உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எப்.ஏ. தேர்வில் தேறவில்லை. இன்றைய விண்ணப்பப் படிவத்தில் கல்வித் தகுதி என்ற கட்டத்தில் அவர் என்ன எழுதியிருப்பார்? ஆனாலும் 1911-இல் இந்தியக் கணிதவியல் கழகத்தின் இதழில் அவருடைய கட்டுரை வெளிவந்தது. அடுத்த ஆண்டு சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தரானார்.

அங்கிருந்துதான் இங்கிலாந்துக்குக் கடிதங்கள் போயின. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர்களான பேக்கரும் ஹாப்சனும் உதவவில்லை. 1913 ஜனவரி 16-ஆம் தேதியிட்டு ஹார்டிக்கு எழுதினார். தன்னைப் பற்றிச் சில வரிகள்தாம். அதிலும் வயதைத் தவறாக 23 என்று எழுதிவிட்டார், உண்மையில் 25! மீதிப் பக்கங்கள் முழுவதும் தேற்றங்கள், பெரும்பாலும் நிறுவல் இல்லாமல். ஹார்டி முதலில் ஏமாற்று வேலையோ என்று ஐயுற்றார். லிட்டில்வுட்டுடன் அமர்ந்து ஆராய்ந்த பிறகு ஐயம் நீங்கியது. பிப்ரவரியில் நிறுவல்களைக் கேட்டுப் பதில் எழுதினார்.

இதன் பிறகு நடந்ததை நாம் அதிகம் பேசுவதில்லை. துறைமுகத்தில் அவருடைய மேலதிகாரியான நாராயண ஐயரும், தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கும் அவருக்குத் துணை நின்றனர். வானிலைத் துறையின் கில்பர்ட் வாக்கர் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பரிந்துரை எழுதினார். பட்டம் இல்லாதவருக்கு ஆய்வு உதவித்தொகையா என்ற தடையைத் தாண்டி, மாதம் 75 ரூபாய் கிடைத்தது. மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஆய்வறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை, தந்தார். கடல் கடப்பதில் இருந்த தயக்கமும் நீங்கி, ஆண்டுக்கு 250 பவுண்டு உதவித்தொகையுடன் 1914 மார்ச் 17-இல் கப்பலேறினார்.

1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆய்வின்வழி பி.ஏ. பட்டம் வழங்கியது, பிஎச்.டி. பட்டம் அப்போது அங்கு இல்லை. 1918-இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1920 ஏப்ரல் 26-இல், 32 வயதில், சென்னையில் காலமானார்.

புத்தகத்தை மூடிவிட்டு என் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். என் மதிப்பெண்கள், என் ஆர்வம், என் கனவு என மூன்று பத்திகள். கணிதம் ஒரு வரிகூட இல்லை. பன்னிரண்டாவது மின்னஞ்சலின் முதல் பத்தியில், இறுதியாண்டு ஆய்வேட்டில் பாதியில் நின்றுபோன கணக்கை வைத்தேன். அனுப்புவதற்கு முன் என் விரிவுரையாளரிடம் காட்டினேன். இரண்டு இடங்களில் திருத்தினார்.

பதில் இன்னும் வரவில்லை.