வெள்ளத்திற்கு இடம் வகுத்த பொறியாளர்

நுழையும் முன்

மழை பெய்து தெருவில் நீர் தேங்கும்போதுதான் நாம் வடிகாலைப் பற்றி நினைக்கிறோம். அந்த நீர் எங்கிருந்து வந்தது, இயல்பாக எங்கே செல்ல வேண்டும், அதன் வழியை அடைத்தது எது என்னும் வினாக்களை எழுப்புவோர் சிலரே. அவ்வினாக்களுக்கு விடை தேடுவதையே வாழ்நாள் பணியாகக் கொண்ட பொறியாளர் ஒருவரின் வரலாற்றை இப்பாடத்தில் அறிவோம்.

இளமையும் கல்வியும்

மோட்சகுண்டம் விசுவேசுவரய்யா, அன்றைய மைசூர் அரசில் இருந்த முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் செப்டம்பர் 15ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தையார் சீனிவாச சாஸ்திரி வடமொழிப் புலமை மிக்கவர். செல்வம் இல்லாத அக்குடும்பத்தில் கல்வியே பெரும் சொத்தாக மதிக்கப்பட்டது.

விசுவேசுவரய்யா சிறுவராக இருந்தபோதே தந்தையார் காலமானார். குடும்பம் வறுமையில் வாடியது. ஆயினும் அவர் படிப்பைக் கைவிடவில்லை. பெங்களூருக்குச் சென்று, தம்மினும் இளைய மாணவர்களுக்குப் பாடம் கற்பித்து, அதில் கிடைத்த சிறு வருவாயைக் கொண்டு கல்லூரியில் பயின்றார். 1881ஆம் ஆண்டு இளங்கலைப் பட்டம் பெற்றார். மைசூர் அரசின் உதவித்தொகை கிடைத்ததால் புனே அறிவியல் கல்லூரியில் பொறியியல் கற்று, 1883ஆம் ஆண்டுத் தேர்வில் முதலிடம் பெற்றார். அடுத்த ஆண்டே பம்பாய் மாகாணப் பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளராகப் பணியில் சேர்ந்தார்.

நீரோடு பழகிய ஆண்டுகள்

பம்பாய் மாகாணத்தில் அவர் ஏறத்தாழ இருபத்து நான்கு ஆண்டுகள் பணியாற்றினார். பல நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டங்களையும் வடிகால் திட்டங்களையும் வகுத்தளித்தார். சிந்து நதிக்கரையில் உள்ள சுக்கூர் நகரத்திற்குத் தெளிந்த குடிநீர் கிடைக்க வழி செய்தார். கலங்கிய ஆற்று நீர், படுகையின் மணலில் ஊறிக் கசியும்போது இயல்பாகவே தெளிவடையும் என்பதே அத்திட்டத்தின் அடிப்படை.

புனேயை அடுத்த கடக்வாசலா ஏரியில் அவர் அமைத்த தானியங்கிக் கதவுகள் புகழ் பெற்றவை. அந்த ஏரியில் மழைக்காலத்தில் மிகுதியான நீர் கலிங்கின் வழியே வழிந்து வீணாயிற்று. கரையை உயர்த்தினால் செலவு பெருகும். அணைக்கும் சுமை கூடும். எனவே கலிங்கின் மேல் கதவுகளைப் பொருத்தினார். நீர் குறிப்பிட்ட மட்டத்தை எட்டும்வரை அக்கதவுகள் மூடியிருக்கும். அதற்கு மேல் வெள்ளம் உயர்ந்தால் யாரும் தொடாமலேயே திறந்துகொள்ளும். வெள்ளம் தணிந்ததும் மீண்டும் மூடிக்கொள்ளும். 1903ஆம் ஆண்டு அவை அங்கே நிறுவப்பட்டன. வெள்ளத்தை அடியோடு தடுக்காமல், ஓர் அளவுவரை தேக்கி, எஞ்சியதைப் பாதுகாப்பாக வெளியேற்றுவதே அக்கதவுகளின் வேலை. பின்னர் ஒரு பெருநகரத்தைக் காக்கும் திட்டத்திற்கும் இக்கருத்தே அடிப்படையாயிற்று.

மூசி ஆற்றின் பெருவெள்ளம்

ஐதராபாத் நகரின் நடுவே மூசி ஆறு ஓடுகிறது. அனந்தகிரி மலைப்பகுதியில் தோன்றும் இந்த ஆற்றுடன், நகருக்குச் சற்று மேலே ஈசா என்னும் துணையாறு கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் மெலிந்து ஓடும் மூசி, 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் பேருருவம் கொண்டது. நகரை அடுத்த ஷம்ஷாபாத்தில் 24 மணி நேரத்திற்குள் ஏறத்தாழ 13 அங்குல மழை பொழிந்தது. கரைகளை மீறிய வெள்ளம் தெருக்களிலும் குடியிருப்புகளிலும் புகுந்தது. ஆற்றுப் பாலங்கள் சிதைந்தன. ஏறத்தாழ 19,000 வீடுகள் இடிந்தன. ஆயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். அப்சல்கஞ்ச் மருத்துவமனைத் தோட்டத்தில் நின்ற ஒரு புளியமரத்தின் கிளைகளைப் பற்றிக்கொண்டு சுமார் 150 பேர் உயிர் தப்பினர். அந்த மரம் இன்றும் அந்நகர மக்களால் போற்றப்படுகிறது.

அப்போது விசுவேசுவரய்யா பம்பாய் அரசுப் பணியிலிருந்து விலகி, வெளிநாடுகளில் பயணம் மேற்கொண்டிருந்தார். ஐதராபாத் நிசாம் அரசு அவரை அழைத்தது. நகரைச் சீரமைப்பதோடு, இத்தகைய அழிவு மீண்டும் நேராதவாறு காப்பதற்கும் வழி கூற வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. 1909ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அவர் பணியைத் தொடங்கினார்.

காரணத்தைத் தேடிய கண்

வெள்ளம் பாய்ந்த நகரத்தை மட்டும் பார்த்தவர்கள், ஆற்றின் கரைகளை உயர்த்தினால் போதும் என்று எண்ணக்கூடும். விசுவேசுவரய்யா நகரத்தோடு நிற்கவில்லை. மூசிக்கு நீர் எந்த எந்த நிலங்களிலிருந்து வருகிறது என்று ஆராய்ந்தார். மழைப்பதிவுகளைத் திரட்டினார். வெள்ளம் விட்டுச்சென்ற தடங்களைக் கொண்டு அதன் உயரத்தையும் வேகத்தையும் கணக்கிடச் செய்தார்.

நகருக்கு மேலே ஆற்றின் நீர்பிடிப்புப் பகுதி ஏறத்தாழ 860 சதுர மைல் பரப்புடையது. அப்பரப்பில் 788 ஏரிகள் இருந்தன; அதாவது, சதுர மைலுக்கு ஏறத்தாழ ஓர் ஏரி. வழக்கமான மழையை இந்த ஏரிகள் தாங்கிக்கொள்ளும். ஆனால் அன்று பெய்ததோ பெருமழை. மேலே இருந்த ஓர் ஏரி உடைந்தபோது அதன் நீர் முழுவதும் கீழே இருந்த ஏரியில் பாய்ந்தது. ஏற்கெனவே நிரம்பியிருந்த அந்த ஏரியும் உடைந்தது. இவ்வாறு 221 ஏரிகள் உடைந்தன. மழைநீரும் ஏரிகளின் நீரும் ஒருசேர நகரை நோக்கிப் பாய்ந்தன. வெள்ளம் உச்சத்தில் இருந்தபோது நொடிக்கு ஏறத்தாழ 4,25,000 கன அடி நீர் ஆற்றில் ஓடியதாகக் கணக்கிடப்பட்டது.

இந்தக் கணக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்தியது. அவ்வளவு நீரை ஒரே நேரத்தில் கடத்தும் அளவிற்கு, நகரின் நடுவே ஓடும் ஆற்றை அகலப்படுத்த இயலாது. ஆகவே நகரத்தைக் காக்கும் வேலையை நகரத்திற்கு மேலேயே தொடங்க வேண்டியிருந்தது.

தேக்கி விடும் வழி

மூசியின் குறுக்கே ஒன்றும் ஈசாவின் குறுக்கே ஒன்றுமாக, நகருக்கு மேலே இரண்டு பெரிய நீர்த்தேக்கங்களைக் கட்ட வேண்டும் என்று விசுவேசுவரய்யா பரிந்துரைத்தார். பெருமழையின்போது பாய்ந்து வரும் வெள்ளத்தை அவை உள்வாங்கிக்கொள்ளும். பின்னர், நகரின் நடுவே உள்ள ஆறு தாங்கக்கூடிய அளவில் மட்டும் நீரைச் சிறிது சிறிதாக வெளியேற்றும். மழையின் அளவை மனிதர் குறைக்க இயலாது. ஆனால் அது நகரை வந்தடையும் வேகத்தைக் குறைக்க இயலும்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. குடிநீருக்காக நீர்த்தேக்கம் நிறைந்திருக்க வேண்டும். வெள்ளத்தைத் தாங்குவதற்கோ அதில் வெற்றிடம் இருக்க வேண்டும். இரண்டு தேவைகளும் நிறைவேற வேண்டுமானால் கொள்ளளவு பெரிதாக இருக்க வேண்டும். கதவுகளும் விழிப்புடன் இயக்கப்பட வேண்டும். இவற்றையெல்லாம் எண்ணிப் பார்த்தே திட்டம் உருவாயிற்று.

நகருக்குள் ஆற்றின் கரைகளை உயர்த்திப் பூங்காக்களும் சாலைகளும் அமைக்க வேண்டும் என்றும் அவர் கூறினார். கழிவுநீரைக் கொண்டுசெல்ல நிலத்தடி வடிகால் திட்டத்தையும் தீட்டினார். நல்ல வடிகால் இல்லாத நகரில் வெள்ளம் வடிந்த பின்னரும் நோய் வடியாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

மூசியின் குறுக்கே கட்டப்பட்ட உஸ்மான் சாகர் 1920ஆம் ஆண்டிலும், ஈசாவின் குறுக்கே கட்டப்பட்ட இமாயத் சாகர் 1927ஆம் ஆண்டிலும் நிறைவடைந்தன. ஒரு காலத்தில் நகரை அழித்த அதே நீர், நகர மக்களின் தாகத்தைத் தீர்க்கும் குடிநீராயிற்று.

காவிரியும் பிற பணிகளும்

1909ஆம் ஆண்டின் இறுதியில் விசுவேசுவரய்யா மைசூர் அரசின் தலைமைப் பொறியாளரானார். காவிரியின் குறுக்கே கிருஷ்ணராஜ சாகர் அணை கட்டும் பணி 1911ஆம் ஆண்டு தொடங்கியது. காவிரி மைசூருக்கு மட்டும் உரியதன்று. தஞ்சை வயல்களும் அதன் நீரையே நம்பியிருந்தன. ஆகவே எவ்வளவு நீரைத் தேக்கலாம் என்பது குறித்து மைசூர் அரசுக்கும் சென்னை மாகாண அரசுக்கும் இடையே நெடிய வழக்காடல் நிகழ்ந்து, 1924ஆம் ஆண்டு உடன்படிக்கை ஏற்பட்டது. மேலே தேக்கப்படும் ஒவ்வொரு துளியும் கீழே வாழ்வோரின் வாழ்வைத் தொடும் என்பதற்கு இது சான்று.

1912 முதல் 1918 வரை அவர் மைசூர் திவானாகப் பணியாற்றினார். முதுமையிலும் ஓயவில்லை. ஒரிசாவின் வெள்ளச் சிக்கலுக்குத் தீர்வு கூறுவதற்காக 1937ஆம் ஆண்டு அங்குள்ள ஆறுகளை ஆராய்ந்தார். 1955ஆம் ஆண்டு அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. நூற்றாண்டு விழாவைக் கண்டபின், 1962ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் பெங்களூரில் மறைந்தார். அவருடைய பிறந்தநாளான செப்டம்பர் 15, இந்தியாவில் பொறியாளர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

இன்றைக்கும் உரிய பாடம்

2020ஆம் ஆண்டு அக்டோபரில் ஐதராபாத் மீண்டும் வெள்ளத்தில் மூழ்கியது. இம்முறை நகரின்மீதே கனமழை பொழிந்தது. நகரில் இருந்த சில ஏரிகளும் உடைந்தன. நீர்த்தேக்கங்கள் நகருக்கு மேலிருந்து வரும் வெள்ளத்தைத் தாங்கும். நகருக்குள் பெய்யும் மழைக்கு நகரமே இடம் தர வேண்டும்.

ஒரு சிறு கணக்கைப் பார்ப்போம். 1,000 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரு மனையில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,00,000 லிட்டர் நீர் விழுகிறது. அந்த மனை மண்ணும் செடியுமாக இருந்தால் நீரின் ஒரு பகுதி நிலத்தில் ஊறும். அதே மனை முழுவதும் கூரையாலும் சிமெண்டுத் தளத்தாலும் மூடப்பட்டால் ஏறத்தாழ முழுவதும் சில நிமிடங்களில் தெருவிற்கு வந்துவிடும். இத்தகைய நூறு மனைகள் சேர்ந்தால் தெருவே ஆறாகும். அதனால்தான் இன்றைய பொறியாளர்கள், கட்டடம் எழுப்பும் முன்னரே மழைநீருக்கு உரிய வழியையும் இடத்தையும் கணக்கிட வேண்டும் என்கின்றனர். தேக்கக் குட்டை, உறிஞ்சு குழி, அகன்ற வடிகால் ஆகியன அதற்கான வழிகள். நூறாண்டுகளுக்கு முன் இரண்டு ஆறுகளில் விசுவேசுவரய்யா கையாண்ட முறையே ஒவ்வொரு மனையிலும் சிறிய அளவில் பின்பற்றப்படுகிறது.

ஏரியை மண்ணிட்டு மூடலாம்; கால்வாயின் மேல் வீடு கட்டலாம். ஆனால் நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. நாம் இடம் தராவிடில் அது தானே இடம் எடுத்துக்கொள்ளும்.

சொற்பொருள்

கலிங்கு – ஏரியில் மிகுதியாகும் நீர் வெளியேறும் அமைப்பு
நீர்பிடிப்புப் பகுதி – ஓர் ஆற்றிற்கோ ஏரிக்கோ மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பு
படுகை – ஆறு ஓடும் நிலப்பகுதி
திவான் – மன்னராட்சியில் தலைமை அமைச்சர்
உடன்படிக்கை – இரு தரப்பினரும் ஏற்கும் ஒப்பந்தம்

பயிற்சி

அ. ஓரிரு சொற்களில் விடை எழுதுக.
1. கடக்வாசலா ஏரியில் தானியங்கிக் கதவுகள் நிறுவப்பட்ட ஆண்டு எது?
2. மூசியின் துணையாறு எது?

ஆ. மூன்று தொடர்களில் விடை எழுதுக.
1. ஓர் ஏரி உடைந்தது பிற ஏரிகளும் உடையக் காரணமானது எவ்வாறு?
2. ஆற்றின் கரைகளை மட்டும் உயர்த்துவது ஏன் போதாது?

இ. பிரித்து எழுதுக.
1. நீர்த்தேக்கம் 2. நூறாண்டு 3. கொள்ளளவு

ஈ. செயல்பாடு
உங்கள் பள்ளி வளாகத்தில் மழைநீர் செல்லும் வழியைக் கண்டறிந்து வரைபடமாக வரைக. அது இறுதியில் எந்த ஏரியையோ ஆற்றையோ சென்றடைகிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து எழுதுக.