தளபதியின் செல்ல மகள்

பிரான்சு நாட்டின் ஜனாதிபதியாக இருந்தவர், டிகால். உயரம் 6 அடி 5 அங்குலம். விறைப்பான மனிதர். ஹிட்லருக்கு அவர் பணியவில்லை. தம் பக்கத்தில் நின்று போரிட்ட சர்ச்சிலுக்கும் ரூஸ்வெல்ட்டுக்கும்கூட அவர் வளைந்து கொடுக்கவில்லை.

அப்படிப்பட்டவர், மாலையில் வீட்டுக்கு வந்ததும் ஒரு சிறுமியின் முன்னால் ஆடுவார். பாடுவார். கை தட்டுவார். தம் ராணுவத் தொப்பியைக் கழற்றி, அவள் கையில் விளையாடக் கொடுப்பார். அவள் சிரித்துவிட்டால், அவர் முகமும் மலர்ந்துவிடும்.

அந்தச் சிறுமி அவருடைய கடைசி மகள். பெயர், ஆன்னி. மற்றக் குழந்தைகளைப்போல் அவள் வளரவில்லை. ஆனால் அந்த வீட்டில் மற்ற எல்லோரையும்விட அவளுக்குத்தான் முதல் இடம்!

பட்டாளத்து மாப்பிள்ளை

சார்லஸ் டிகால் 1890-ம் ஆண்டு நவம்பர் 22-ந்தேதி, பிரான்சின் வடக்கே உள்ள லில் நகரில் பிறந்தார். ராணுவத்தில் சேர்ந்தார். முதல் உலக யுத்தத்தில் 1916-ல் காயம் அடைந்து ஜெர்மானியரிடம் கைதியானார். 5 முறை தப்ப முயன்றார். 5 முறையும் பிடிபட்டார். யுத்தம் முடிந்த பிறகுதான் வீடு திரும்பினார்.

1921-ம் ஆண்டு ஏப்ரலில் அவருக்குத் திருமணம் நடந்தது. மணமகள் இவோன். துறைமுக நகரமான கலேயில், பிஸ்கட் தொழிற்சாலை நடத்திய குடும்பத்துப் பெண். அவருக்கு அப்போது வயது 20. அதிகம் பேசமாட்டார். தெய்வ பக்தி மிகுந்தவர்.

அந்த ஆண்டு டிசம்பரிலேயே மகன் பிலிப் பிறந்தான். 1924-ல் மகள் எலிசபெத் பிறந்தாள். இரண்டு குழந்தைகளும் நன்றாக வளர்ந்தார்கள். ஓடினார்கள்; விளையாடினார்கள்; பாடம் படித்தார்கள். பட்டாளம் எங்கே போகிறதோ அங்கே குடும்பமும் போகும். அளவான சம்பளம், அமைதியான வாழ்க்கை.

புத்தாண்டுக் குழந்தை

1927-ல் டிகால் மேஜராக உயர்ந்து, ஜெர்மனியில் உள்ள டிரியர் நகரத்துக்குப் போனார். அந்தப் பகுதி அப்போது பிரெஞ்சுப் படையின் வசம் இருந்தது. அங்கேதான் மூன்றாவது குழந்தை பிறந்தது. 1928-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி. புத்தாண்டு தினம்!

பெண் குழந்தை. ஆன்னி என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால், குழந்தையிடம் ஏதோ குறை இருப்பது பெற்றோருக்குப் புரிந்தது. இதற்கு மருந்து இல்லை, சிகிச்சையும் இல்லை என்று தெரிந்தது. அறிவு வளர்ச்சியும் உடல் வளர்ச்சியும் குறைவாகவே இருக்கும் என்பதும் தெரிந்தது.

இந்த நிலைக்கு இன்று டவுன் சிண்ட்ரோம் என்று பெயர். 1866-ல் இதைப்பற்றி முதலில் விவரமாக எழுதிய இங்கிலாந்து டாக்டர் ஜான் லாங்டன் டவுன் என்பவரின் பெயரே இதற்கு வைக்கப்பட்டது.

தாய்க்கு வயது 27. தந்தைக்கு 37. இருவரும் இடிந்துபோனார்கள். மகள் குணமானால் போதும். பணம், பதவி, முன்னேற்றம் எதுவுமே தங்களுக்கு வேண்டாம் என்று இவோன் தம் தோழி ஒருத்திக்குக் கடிதம் எழுதினார்.

ஊர்ப் பழி

அந்தக் காலத்தில் இப்படி ஒரு குழந்தை பிறந்தால், பழி பெற்றோர்மீது விழும். தகப்பன் குடிகாரனாக இருப்பான் என்பார்கள். குடும்பத்தில் கெட்ட நோய் இருக்கும் என்பார்கள். பரம்பரையே சரியில்லை என்பார்கள். ஆகவே பல குடும்பங்கள் இத்தகைய குழந்தைகளை வெளியே காட்டுவதில்லை. வசதி உள்ளவர்கள் ஏதாவது ஒரு விடுதியில் சேர்த்துவிட்டு, அப்படி ஒரு பிள்ளை இருப்பதையே மறந்துவிடுவார்கள்.

டிகாலும் இவோனும் அப்படிச் செய்ய மறுத்துவிட்டார்கள். குழந்தை தங்களோடுதான் இருக்கும் என்று முடிவு செய்தார்கள். அந்த முடிவில் இருந்து அவர்கள் 20 ஆண்டுகள் மாறவே இல்லை.

1929-ல் டிகாலுக்கு லெபனானில் உள்ள பெய்ரூட்டுக்கு மாற்றல் வந்தது. நீண்ட கப்பல் பயணம். பிலிப்புக்கு வயது 7. எலிசபெத்துக்கு 5. ஆன்னிக்கு இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. அவளை யாரிடமாவது விட்டுவிட்டுப் போயிருக்கலாம். விடவில்லை. கூடவே கொண்டுபோனார்கள்.

அப்பாவின் தொப்பி

ஆன்னிக்குப் பேச்சு வரவில்லை. துணை இல்லாமல் நடப்பது கடினம். தானாகச் சாப்பிடவும் முடியாது. அவளைக் கவனித்துக்கொள்ள ஒரு தாதியை வைத்தார்கள். அந்த அம்மாள் குடும்பத்தில் ஒருவராகவே ஆகிவிட்டார்.

டிகால் மற்றவர்களிடம் சிரித்துப் பேசுவது அபூர்வம். பெற்ற பிள்ளைகளிடம்கூடக் கண்டிப்பாகவே இருப்பார். ஆனால் ஆன்னியிடம் மட்டும் அந்தக் கண்டிப்பு ஓடிவிடும். அவளை மடியில் வைத்துக்கொள்வார். கதை சொல்லுவார். அவளுக்குக் கதை புரிந்ததோ இல்லையோ, அப்பாவின் குரல் புரிந்தது. கையைப் பிடித்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பார். நெடிய மனிதர், சிறுமியின் நடைக்குத் தக்கபடி காலை மெல்ல மெல்ல எடுத்து வைப்பார்.

அவள் தெளிவாகச் சொல்லக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு சொல்தான் என்பார்கள். அந்தச் சொல், "அப்பா!"

1933-ல் பெனொடே என்னும் கடற்கரையில் எடுத்த ஒரு புகைப்படம் இருக்கிறது. மணலில் ஒரு நாற்காலி. அதில் கோட்டும் தொப்பியும் அணிந்து டிகால் உட்கார்ந்திருக்கிறார். மடியில் 5 வயது ஆன்னி. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுற்றிலும் இருக்கும் உலகம் அவர்கள் கண்ணில் படவே இல்லை!

கிராமத்து வீடு

1934-ல் டிகால் தம்பதிகள் ஒரு வீடு வாங்கினார்கள். பாரிசுக்குக் கிழக்கே சுமார் 150 மைல் தூரத்தில், கொலம்பே என்ற சின்னக் கிராமத்தில் அந்த வீடு இருந்தது. சுற்றிலும் காடு. பெரிய தோட்டம். பட்டாளத்துக்காரருக்கு இத்தனை தூரத்தில் வீடு எதற்கு என்று தோன்றும். முக்கிய காரணம், ஆன்னி. வேடிக்கை பார்க்கும் கண்கள் அங்கே இல்லை. கேலி பேசும் வாய்கள் இல்லை. அவள் இஷ்டம்போல் தோட்டத்தில் இருக்கலாம்.

பிற்காலத்தில் டிகால் புகழ் பெற்றபோதும், பத்திரிகைக்காரர்கள் ஆன்னியைப் படம் பிடிக்கப் பெற்றோர் விடவில்லை. மகளை நினைத்து அவர்கள் வெட்கப்படவில்லை. ஊர் அவளை ஒரு காட்சிப் பொருளாக ஆக்கிவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் கவலை.

தப்பிய குடும்பம்

1940-ம் ஆண்டு வந்தது. ஹிட்லரின் படைகள் பிரான்சுக்குள் புகுந்தன. ஜூன் 17-ந்தேதி டிகால் விமானத்தில் லண்டனுக்குப் போனார். மறுநாள் லண்டன் ரேடியோவில் பேசினார். யுத்தம் முடியவில்லை, தொடர்ந்து போராடுவோம் என்று பிரெஞ்சு மக்களை அழைத்தார். புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு அரசாங்கமும் அந்த ஆண்டிலேயே அவர் பக்கம் சேர்ந்தது.

அந்த நேரத்தில் அவர் குடும்பம் எங்கே? பிரான்சின் மேற்குக் கோடியில், கராந்தெக் என்ற கடலோர ஊரில் இருந்தது. இவோன், பிலிப், எலிசபெத், 12 வயது ஆன்னி, தாதி. ஜெர்மானியப் படை நெருங்கிக்கொண்டிருந்தது.

அவர்களை அழைத்துவர இங்கிலாந்தில் இருந்து ஒரு கடல் விமானம் புறப்பட்டது. அது வழியில் விழுந்து நொறுங்கியது. அதில் இருந்த 4 பேரும் இறந்தார்கள். இது இவோனுக்குத் தெரியாது. அவர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிரெஸ்ட் துறைமுகத்துக்குப் போனார். கடைசி நேரத்தில் ஒரு கப்பலில் இடம் கிடைத்தது. கப்பல் இங்கிலாந்தின் பால்மவுத் துறைமுகத்தை அடைந்தது. லண்டனில் குடும்பம் ஒன்று சேர்ந்தது.

ஓட முடியாத, பேச முடியாத ஒரு பெண்ணோடு யுத்தத்தின் நடுவே கடலைத் தாண்டுவது சின்னக் காரியம் அல்ல. பின்தங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஹிட்லரின் ஆட்சி அப்போது மனவளர்ச்சி குன்றியவர்களையும் மனநோயாளிகளையும் தேடித் தேடிக் கொன்றுகொண்டிருந்தது. 1940 ஜனவரி முதல் 1941 ஆகஸ்டு வரையில் மட்டும் 70 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விஷ வாயுவால் கொல்லப்பட்டார்கள். ஆன்னி பிறந்த ஜெர்மனியிலும் அவளைப் போன்ற குழந்தைகள் கொல்லப்பட்டார்கள்.

லண்டனிலும் நிம்மதி இல்லை. குண்டு விழும் சத்தம் ஆன்னியைக் கலங்கடித்தது. ஆகவே இவோன் அவளைக் கூட்டிக்கொண்டு தொலைவில் உள்ள ஒரு நாட்டுப்புற வீட்டுக்குக் குடிபோனார். டிகாலுக்கு லண்டனில் வேலை. நேரம் கிடைத்தபோதெல்லாம் ரெயில் ஏறி மகளைப் பார்க்கப் போய்விடுவார். பிலிப் கடற்படையில் சேர்ந்தான். 1943-ல் டிகால் அல்ஜீரியாவுக்குப் போனபோது, ஆன்னியும் பின்னாலேயே போனாள்.

ஆன்னி தமக்கு ஒரு சோதனை. அதே சமயம் ஓர் அருள் என்று டிகால் கருதினார். புகழ் வந்தபோது தலைகனம் ஏறாமலும், தோல்வி வந்தபோது மனம் உடையாமலும் தம்மைக் காப்பாற்றியவள் அவளே என்று நெருங்கியவர்களிடம் சொல்லியிருக்கிறார்.

நமக்குப் பின் யார்?

யுத்தம் முடிந்தது. பிரான்சு விடுதலை பெற்றது. டிகால் நாட்டின் தலைவரானார். ஆனால் வீட்டில் ஒரு கவலை தீரவில்லை. தாங்கள் இறந்துவிட்டால் ஆன்னியை யார் பார்த்துக்கொள்வார்கள்? இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்ற எந்தத் தாய் தகப்பனுக்கும் இரவில் தூக்கம் வராமல் செய்யும் கேள்வி இது.

டிகாலும் இவோனும் தங்கள் மகளுக்கு மட்டும் விடை தேடவில்லை. ஏழைக் குடும்பங்களில் இதே நிலையில் உள்ள பெண்களுக்கும் சேர்த்து ஓர் இல்லம் அமைக்க முடிவு செய்தார்கள். பாரிசுக்குத் தென்மேற்கே, மிலோன் என்ற ஊரில் ஒரு மாளிகையை வாங்கினார்கள். 1945-ல் அந்த அறநிலையம் தோன்றியது. அதற்கு ஆன்னியின் பெயரையே வைத்தார்கள்.

பிற்காலத்தில் டிகால் எழுதிய யுத்த நினைவுகள் 3 பாகங்களாக வெளிவந்து நன்றாக விற்றன. அதில் கிடைத்த பணம் இந்த இல்லத்துக்குப் போனது. தம்பதிகள் தங்களுக்கென்று ஆடம்பரம் எதுவும் செய்துகொள்ளவில்லை.

இருபது வயது

1946 ஜனவரியில் டிகால் பதவியை உதறிவிட்டு, அந்த ஆண்டிலேயே கொலம்பே கிராமத்துக்குக் குடும்பத்தோடு திரும்பினார். மாலைகளில் ஆன்னியோடு தோட்டத்தில் நடப்பது மறுபடியும் தொடங்கியது.

அது நீடிக்கவில்லை. 1948-ம் ஆண்டு பிப்ரவரியில் ஆன்னிக்கு நிமோனியாக் காய்ச்சல் கண்டது. 6-ந்தேதி, அப்பாவின் கைகளிலேயே அவள் உயிர் பிரிந்தது. அவளுக்கு வயது 20.

கிராமத்துக் கல்லறையில் அவளை அடக்கம் செய்தார்கள். எல்லாம் முடிந்த பிறகும் இவோன் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. டிகால் மனைவியின் கையைப் பிடித்தார். இனி அவள் மற்றவர்களைப் போலத்தான், எந்த வித்தியாசமும் இல்லை என்று மெல்லச் சொல்லி அழைத்துப் போனார்.

தங்களுக்குப் பின் யார் என்று கவலைப்பட்டார்கள். மகளோ அவர்களுக்கு முன்னால் போய்விட்டாள். ஆனாலும் இல்லத்தை அவர்கள் மூடவில்லை. அங்கே இருந்த பெண்களுக்கும் தாய் தகப்பன் வேண்டும் அல்லவா? இவோன் அந்த இல்லத்தைத் தொடர்ந்து கவனித்து வந்தார். அவருக்குப் பின் மகள் எலிசபெத் பொறுப்பு ஏற்றார். அந்த அறநிலையம் இன்றும் நடந்துவருகிறது.

காரணம் தெரிந்தது

1959 ஜனவரி 8-ந்தேதி டிகால் பிரான்சின் ஜனாதிபதியாகப் பதவி ஏற்றார். அதே மாதத்தில் பாரிசில் இருந்து ஒரு செய்தி வெளிவந்தது. ஆன்னியைப் போன்ற குழந்தைகள் ஏன் அப்படிப் பிறக்கிறார்கள் என்பதை டாக்டர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். லெஜூன், மார்த் கோத்தியே, டுர்பேன் ஆகிய மூவர் சேர்ந்து கண்டுபிடித்தது அது.

மனித உடம்பு கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. ஒவ்வொரு உயிரணுவிலும் குரோமோசோம் என்ற நுண்ணிய இழைகள் 46 இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைக்கு 47 இருக்கும். 21-வது இழை இரண்டுக்குப் பதில் மூன்றாக வந்துவிடுகிறது. அவ்வளவுதான். குடியும் காரணம் அல்ல. பாவமும் காரணம் அல்ல. தாயின் குற்றமும் இல்லை. தகப்பனின் குற்றமும் இல்லை.

ஆன்னி இறந்து 11 ஆண்டுகள் ஆகப்போகும் சமயத்தில் அந்தப் பழி நீங்கியது.

இன்று இத்தகைய குழந்தைகள் பலர் பேசக் கற்கிறார்கள். பள்ளிக்கூடம் போகிறார்கள். வேலையும் பார்க்கிறார்கள். நல்ல வைத்தியமும் கவனிப்பும் கிடைத்தால் 60 வயது வரைகூட வாழ்கிறார்கள்.

மூன்று பேர்

தமக்கு மரணம் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று டிகால் 1952-லேயே எழுதி வைத்துவிட்டார். அரசாங்க மரியாதை வேண்டாம். மந்திரிகள் வரவேண்டாம். கொலம்பே கிராமத்தில், மகள் ஆன்னி இருக்கும் கல்லறையில் தம்மை வைக்கவேண்டும். கல்லில் பெயரும் ஆண்டும் தவிர வேறு எதுவும் எழுதக் கூடாது. இதுதான் அவர் விருப்பம்.

1970-ம் ஆண்டு நவம்பர் 9-ந்தேதி டிகால் காலமானார். 12-ந்தேதி, உலக நாடுகளின் தலைவர்கள் பாரிசில் உள்ள பெரிய மாதாகோவிலில் கூடினார்கள். ஆனால் டிகால் அங்கே இல்லை. அன்று அவர் கிராமத்துக் கல்லறையில், மகளின் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

பிரெஞ்சு மக்கள் "இவோன் அத்தை" என்று பிரியமாக அழைத்த அந்த அம்மாள், 1979 நவம்பர் 8-ந்தேதி, கணவரின் 9-வது நினைவு நாளுக்கு முந்திய தினம் மறைந்தார். அவரும் அதே கல்லறைக்கு வந்து சேர்ந்தார்.

பெற்றோர் உயிரோடு இருந்தவரை ஆன்னியைத் தனியே விடவில்லை. இப்போதும் விடவில்லை.