துரையின் தொப்பி ஸ்டாண்டும் நடேசய்யரின் துணி மூட்டையும்

பதுளையிலிருந்து பசறை வழியாக நமுனுகுலவுக்கு ஏறும் வீதியில், இன்று சுற்றுலா விடுதியாக மாறியிருக்கும் ஒரு பழைய துரை பங்களாவில் கடந்த வருடம் மழைக்கு ஒதுங்கினேன். முன்கதவைத் தாண்டியதும் ஆளுயரத்துக்கும் மேலான ஒரு மரச்சாமான் சுவரோடு நின்றது. நடுவில் ரசம் போன கண்ணாடி, அதைச் சுற்றிப் பித்தளைக் கொளுக்கிகள், கையுறை வைக்க ஒரு சின்ன லாச்சி. கீழே குடையும் கைத்தடியும் செருகுவதற்கான சட்டம். வடியும் தண்ணீர் தரைப் பலகையில் ஊறாதிருக்க அதனடியில் ஒரு தகரத் தட்டு. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் வசதியான வீடுகளின் வாசல் கூடமெல்லாம் இப்படி ஒன்று இருந்தது. ஹோல் ஸ்டாண்ட் என்பது அதன் பெயர். விடுதியில் வேலை செய்யும் முதியவர் தொப்பி ஸ்டாண்ட் என்றார். அவருடைய தகப்பனார் இதே பங்களாவில் அப்புவாக இருந்தவராம். மலை சுற்றி வரும் துரையின் சோலா தொப்பியை வாங்கி அந்தக் கொளுக்கியில் மாட்டுவது அவர் வேலை.

கோட்டும் தொப்பியும் கொளுக்கியில் ஏறினால் அந்த மனிதர் விருந்தாளி என்று அர்த்தம். கங்காணியும் கோட்டுப் போட்டவர்தான். வேட்டிக்கு மேல் கோட்டும் தலைப்பாகையும் கைத்தடியுமாக அவரைப் பழைய படங்களில் பார்க்கலாம். ஆனால் அந்தக் கோட்டு இந்தக் கூடத்துக்குள் வந்ததில்லை. அவருடைய எல்லை வாசற்படி. தொழிலாளிக்குக் கோட்டு ஏது? தோட்டம் கடனுக்குக் கொடுத்த கம்பளிதான் மழைக்குத் தலைமூடியும் இரவுக்குப் போர்வையும். அது லயத்து அறையில் அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் புகை பிடித்துக் காயும்.

கோ. நடேசய்யரின் வாழ்க்கையை இந்த ஸ்டாண்டின் முன்னால் நின்று யோசித்தபோதுதான் எனக்கு அது சரியாக விளங்கியது.

தஞ்சாவூர்க்காரர், 1887இல் பிறந்தவர். பத்திரிகை எழுத்தும் வணிகர் சங்க வேலையுமாக இருந்தவர் 1915இல் கொழும்புக்கு வந்தார். கடல் கடந்து போன தன் நாட்டவர் தோட்டங்களில் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்க்க ஆசைப்பட்டார். தோட்டமோ தனியார் சொத்து. துரையின் அனுமதியின்றிக் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. அனுமதி கேட்டு பங்களாவுக்குப் போயிருந்தால் படியோடு திருப்பியிருப்பார்கள். ஆனால் ஒருவரை மட்டும் எந்தத் தோட்டமும் தடுக்கவில்லை: துணி மூட்டை சுமந்து லயம் லயமாகப் போகும் புடவை வியாபாரி. நடேசய்யர் அந்த வேடத்தில் நுழைந்தார். சேலையை விரித்துக் காட்டிக்கொண்டே சம்பளம், கடன், கங்காணியின் கணக்கு என்று கேட்டறிந்தார், பார்த்ததை எழுதினார்.

ஊடகக் கற்கை படித்த காலத்தில் மறைவாகச் செய்தி சேகரிப்பது பற்றி எங்களுக்கு ஒரு பாடமே இருந்தது. உதாரணங்கள் எல்லாம் வெள்ளைக்காரர்கள். நூறு வருடங்களுக்கு முன் லயத்துத் திண்ணையில் சேலை விரித்த இந்த மனிதரின் பெயர் அதில் வரவில்லை.

1920இல் திரும்பி வந்தவர் பின்னர் இங்கேயே தங்கிவிட்டார். தேசநேசன், தேசபக்தன் ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகும் தொழிலாளியைக் கடனோடு கட்டிப்போட்ட துண்டு முறை 1921இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனால் கடன் ஒழியவில்லை. அதைத் திரும்பத் திரும்ப எழுதினார். கொழும்பில் ஏ. ஈ. குணசிங்கவோடு தொழிற்சங்க வேலையில் தோளோடு தோள் நின்றார். பத்தாண்டு முடிவதற்குள் அந்த உறவு கசந்தது. குணசிங்க இந்தியத் தொழிலாளருக்கு எதிராகப் பேசத் தொடங்கியதும் ஐயர் விலகினார்.

1925இல் இந்தியருக்கான இரண்டு இடங்களில் ஒன்றுக்கு வந்த இடைத்தேர்தலில் வென்று சட்டசபைக்குப் போனார். இங்கேதான் கதை விசித்திரமாகிறது. தோட்டத்துக்குள் நுழைய வேடம் போட வேண்டியிருந்த மனிதர், கொழும்பில் துரைமாரின் பிரதிநிதிகளோடு ஒரே மண்டபத்தில் உட்கார்ந்தார். அப்புத்தளையில் ஆதிஷம் மாளிகையைக் கட்டிய தாமஸ் வில்லியர்ஸும் அந்தச் சபையில் இருந்தார். ஆங்கில நாட்டுப்புறப் பாணியில் எழுந்த அந்தக் கல்வீடு 1931இல் முடிந்தது. இன்று அது பெனடிக்ட் துறவியரின் மடம். அதே 1931இல் ஐயர் அட்டனில் தோட்டத் தொழிலாளருக்கென்றே ஒரு சம்மேளனத்தைத் தொடங்கினார். தோட்ட மக்களுக்கென்று எழுந்த முதல் தொழிற்சங்கம் அது. ஆனால் அதன் தலைவர் தன் அங்கத்தவரைப் பார்க்கத் தோட்டத்துக்குள் போக முடியாது. கூட்டங்கள் கடைவீதியில், கோயில் வெளியில், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகளில்.

அந்தக் கூட்டங்களுக்கு ஆட்களை இழுத்தவர் அவருடைய மனைவி மீனாட்சி அம்மாள். சனங்களுக்குப் பழகிய மெட்டுகளில் தொழிலாளர் துயரத்தைப் பாடி, பாட்டுப் புத்தகங்களையும் விற்றார். எழுத்து வாசிக்கத் தெரியாத சனத்துக்குப் பத்திரிகை எட்டாத இடத்தில் பாட்டு எட்டியது. என் பார்வையில் ஐயரின் வேலையில் பாதி இந்த அம்மாவுடையது. அவரைப் பற்றி எழுதப்பட்டதோ அதில் கால்வாசியும் இல்லை.

1936இல் அட்டன் தொகுதியில் வென்று அரசாங்க சபைக்கும் போனார். ஆனால் 1939இல் நேரு வந்து போனபின் உருவான இலங்கை இந்தியக் காங்கிரசோடு அவர் ஒத்துப்போகவில்லை. கங்காணிமாரும் வியாபாரிகளும் செல்வாக்கோடு இருக்கும் அமைப்பை அவரால் நம்ப முடியவில்லை. அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருந்தது, தனித்து நிற்கும் பிடிவாதமும் இருந்தது. தொழிலாளர் அலை அலையாகக் காங்கிரசின் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார்கள். அவருடைய சம்மேளனம் மெலிந்தது.

ஊவாவில் பங்களாக் கதவைத் தட்டியவர்கள் வேறு ஆட்கள். 1940 மே மாதம் பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில், சமசமாஜக் கட்சி நடத்திய வேலைநிறுத்தங்களின் உச்சத்தில், தொழிலாளர் தங்களுக்குள் ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தச் சபையைக் கலந்தே நிர்வாகம் நடத்துவதாகத் துரை ஒப்புக்கொண்டார். ஐயர் துணி மூட்டையோடு நுழைந்து இருபத்தைந்து வருடங்களில் நடந்தது அது.

1947 நவம்பரில் நடேசய்யர் இறந்தார். அடுத்த வருடம் வந்த 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவராக்கியது. அதற்கடுத்த வருடம் வாக்கும் போனது. அவர் அட்டனில் வென்றதைப் போல ஒரு வெற்றி அதன்பின் பல ஆண்டுகளுக்கு யாருக்கும் கிடைக்கவில்லை. 1977இல் லயங்கள் எரிந்தபோது வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் ஓடியவர்கள் அந்த வாக்காளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான். முள்ளிவாய்க்கால் வரை போன குடும்பங்களிலும் பதுளை, பசறை, நமுனுகுல என்று பாட்டி ஊர் சொல்லும் வீடுகள் இருக்கின்றன. இதை வாசிக்கும் உங்களில் சிலருடைய வீடும் அதில் ஒன்றாக இருக்கலாம்.

மழை விட்டது. முதியவர் என் ஈர ரெயின்கோட்டை ஸ்டாண்டின் பித்தளைக் கொளுக்கியிலிருந்து எடுத்துத் தந்தார். வீட்டுக்குப் போக அவரும் புறப்பட்டார். அவருடைய குடை குசினிக் கதவுக்கு வெளியே, சுவரில் அடித்த ஓர் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.