தொழிற்பள்ளி கண்ட அறிஞர்

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியில் உள்ளது மியூனிக் நகரம். அந்நகரில் 1854-ஆம் ஆண்டில் கெயோர்க் கெர்ஷன்ஸ்டைனர் பிறந்தார். வறிய குடும்பத்தினராகிய அவர், இளமையிலேயே ஆசிரியப் பயிற்சி பெற்றுச் சிற்றூர்ப் பள்ளியில் துணையாசிரியரானார். ஆயினும், தாம் கற்றது போதாது என்னும் எண்ணம் அவரை வருத்தியது. ஆதலின், 1874-இல் அவ்வேலையைத் துறந்து மீண்டும் மாணவரானார்; கணிதம் பயின்று, 1883-இல் டாக்டர் பட்டமும் பெற்றார்.

1895-இல் மியூனிக் நகரப் பள்ளிகளை நடத்தும் தலைமைப் பொறுப்பு அவரை அடைந்தது. அக்காலத்தில் ஏழைச் சிறுவர் பலர் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே பள்ளியை விட்டுப் பட்டறைகளுக்குச் சென்றனர். அவர்களுக்கென நடந்த தொடர்கல்விப் பள்ளிகளோ, முன்பு படித்தவற்றையே மீண்டும் ஓதின. உழைத்துக் களைத்த சிறுவர்க்கு அக்கல்வி வேப்பங்காயாய்க் கசந்தது.

இந்நிலையை மாற்றக் கெர்ஷன்ஸ்டைனர் உறுதி பூண்டார். பள்ளியின் எட்டாம் வகுப்பில் மரவேலை, உலோகவேலைப் பட்டறைகளை அமைத்தார். 1900-ஆம் ஆண்டு முதல் தொடர்கல்விப் பள்ளிகளைத் தொழில்வாரியாகப் பிரித்தார். தச்சருக்கு ஒன்று, ரொட்டி சுடுவோர்க்கு ஒன்று, செருப்புத் தைப்போர்க்கு ஒன்று எனப் பள்ளிகள் எழுந்தன. தச்சு பழகும் சிறுவன் தன் தொழிலுக்குரிய கணக்கையும் வரைபடத்தையும் கற்றான். அவற்றோடு உடல்நலம் பேணுதலையும் குடிமகனின் கடமைகளையும் உணர்ந்தான்.

வேலை நேரத்தில் சிறுவரைப் பள்ளிக்கு விடுவதா என்று தொழில் முதல்வர் பலர் எதிர்த்தனர். கெர்ஷன்ஸ்டைனர் சினங்கொள்ளவில்லை. அவர்களையே அழைத்துக் கலந்து பேசினார். பள்ளி நடத்துவதில் அவர்களுக்கும் பங்களித்தார். நாளடைவில் எதிர்த்தோரும் துணைவராயினர்.

கைவேலை கைக்கு மட்டும் உரியதன்று என்பது அவர் கொள்கை. பறவைக்குக் கூடொன்று செய்யும் மாணவனை அவர் எடுத்துக்காட்டாகக் கூறினார். அவன் முதலில் எண்ணுகிறான், பின்னர் அளக்கிறான், பலகை பொருந்தாதபோது பிழையைத் தானே கண்டு திருத்துகிறான். இவ்வாறு வேலையே அவனுக்கு ஆசானாகிறது. உண்மையும் பொறுமையும் அவனிடம் வளர்கின்றன.

1919 வரை அப்பதவியில் இருந்து தொண்டாற்றிய அப்பெரியார், 1932-இல் மறைந்தார். இன்றும் ஜெர்மனியில் பதினைந்து, பதினாறு வயதில் பள்ளிப் படிப்பை முடிப்போருள் சிலர் மேற்படிப்பை நாடுகின்றனர். வேறு சிலர் தொழிலகத்தில் வேலை பழகிக்கொண்டே தொழிற்பள்ளியிலும் பயில்கின்றனர். தொழிலை மேற்கொண்டவனுக்குக் கல்வியின் கதவு அடைபடலாகாது என்று அவர் பாடுபட்டதன் பயன் இதுவேயாகும்.