புரையேறிய பிஞ்சுகளை மீட்டவர்

இறக்காமத்தில் ஒரு பிள்ளை கச்சான் தின்றுகொண்டே சிரிக்கிறது, திடீரென இருமுகிறது. சற்றுநேரத்தில் இருமல் அடங்கிவிட, கண்டம் நீங்கியதென உம்மா ஆறுதல் அடைகிறாள். ஆனால் கொட்டை நுரையீரலுக்குச் செல்லும் கிளைக்குழாயில், பெரும்பாலும் அகன்று செங்குத்தாக அமைந்த வலது பக்கத்தில், தங்கியிருக்கக் கூடும். எக்ஸ்ரே படத்திலும் அது தென்படாது. நாட்கள் சென்றபின் காணும் இளைப்பு, ஆஸ்துமா எனக் கருதப்படுவதும் உண்டு. இத்தகைய பிள்ளைகளுக்காகவே வாழ்நாளைச் செலவிட்டவர் அமெரிக்க மருத்துவர் செவாலியர் ஜாக்சன்.

1865இல் பிட்ஸ்பர்க்கில் பிறந்த அவர், நோஞ்சான் பிள்ளையாக இருந்தமையால் சக மாணவரின் கொடுமைகளுக்கு ஆளானார். ஒருமுறை கண்களைக் கட்டிப் பாழடைந்த நிலக்கரிக் குழியிலும் தள்ளப்பட்டார். 1886இல் பிலடெல்பியாவில் மருத்துவப் பட்டம் பெற்றார். பின்னர் மூன்று தடவை காசநோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியது.

சுவாசக் கிளைக்குழாயினுள் குழல் செலுத்தி, அதில் சிக்கிய எலும்பொன்றை முதலில் வெளியெடுத்தவர் ஜெர்மனியரான குஸ்தாவ் கில்லியன், அது 1897இல். ஜாக்சனோ குழலின் நுனியிலேயே சிறு மின்விளக்கைப் பொருத்தி, இருளில் தடுமாறிய கலையைத் தெளிவான பார்வைக்குக் கொண்டுவந்தார். கூர்முனை மேல்நோக்கித் திறந்து கிடக்கும் ஊக்கை வெறுமனே இழுத்தால் குழாய் கிழிந்துவிடும். அதை உள்ளேயே மூடியோ திருப்பியோ எடுக்கும் வழிகளை அவர் வகுத்தார். பொம்மையொன்றைக் கொண்டு மாணவருக்கும் பயிற்சியளித்தார். பிள்ளைகளுக்கு அவர் பெரும்பாலும் மயக்கமருந்து கொடுத்ததில்லை. அவரிடம் வந்தோரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் உயிர் பிழைத்தனர். அக்காலத்தை எண்ணினால் இது வியப்புக்குரியது.

எனினும் அவரது பெரும்பணி வேறொன்றென்றே நாம் கருதுகிறோம். சீனிபோல் தோன்றும் எரிசோடாவை விழுங்கி உணவுக்குழாய் சுருங்கிப்போன குழந்தைகள் அவரிடம் வந்துகொண்டேயிருந்தனர். தண்ணீரும் இறங்காத ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் அடைப்பை அகற்றியபோது, கொடுக்கப்பட்ட குவளையில் அவள் அஞ்சியஞ்சி ஒரு மிடறு பருகினாள். நீர் திரும்பி வரவில்லை. பின் இன்னொரு மிடறு பருகி, அவர் கையை முத்தமிட்டாள். ஒவ்வொரு குழந்தையாகக் காப்பாற்றுவது போதாதென உணர்ந்த ஜாக்சன், நஞ்சுப் பொதிகளில் எச்சரிக்கை அச்சிட வேண்டுமெனப் பல ஆண்டுகள் போராடினார். உற்பத்தியாளரின் எதிர்ப்பையும் மீறி 1927இல் அமெரிக்கச் சட்டம் பிறந்தது.

ஊசியை வாயில் வைக்கலாகாது என்பதும் அவர் ஓயாது சொன்ன எச்சரிக்கை. பர்தா அணியும் வேளையில் குண்டூசியை உதடுகளிடையே கவ்வும் நம் பெண்பிள்ளைகளுக்கு இது மிகவும் பொருந்தும். பேசும்போதோ சிரிக்கும்போதோ அது மூச்சோடு உள்ளே சென்ற சம்பவங்களைப் பல முஸ்லிம் நாடுகளின் மருத்துவர்கள் பதிவுசெய்துள்ளனர்.

1958இல் காலமான ஜாக்சன், வெளியெடுத்த பொருட்களை உரியவரிடம் திருப்பிக் கொடுக்காது சேர்த்து வைத்தார். ஊக்கு, பொத்தான், நாணயம், கொட்டை என 2,374 பொருட்கள் பிலடெல்பியாவின் முட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறைகளில் அடுக்கப்பட்டுள்ளன.